பக்கத்துக் கதிரையில் யார் இருக்கினம்?

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது கிழமை. கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கும் டூப்ளிகேஷன் ரோட்டுக்கும் நடுவில் ஒரு மாடிக் கட்டடத்தில் எங்கள் ஒஃபிஸ். ஓடிட் வேலை. ஒரு வாடிக்கையாளரின் பரீட்சை மீதி சமப்படவில்லை, 5,400 ரூபா இடிக்குது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பின்னேரம் மூன்று மணி வரைக்கும் வவுச்சர் வவுச்சராகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏ லெவல் கணக்கீட்டில் ஏ எடுத்தவன் நான். யாரிட்டையும் கேட்க வெட்கமாக இருந்தது.

பக்கத்துக் கதிரையில் இருந்த அக்கா கொட்டாஞ்சேனைக்காரி. அவதான் கேட்டா.

"என்னா தம்பி, எவ்வளவு இடிக்குது?"

"ஐயாயிரத்து நானூறு அக்கா."

"ஒம்பதால பிரியுதா பாருங்க."

பிரிந்தது, அறுநூறு வந்தது. "அப்ப எங்கயோ நம்பர் இடம் மாறி விழுந்திருக்கு. 8,260 அடிக்கப் போய் 2,860 அடிச்சா 5,400தான் வரும். அந்த மாதிரித் தேடுங்க. ஒம்பதால பிரியலன்னா, பாதியாக்கிட்டு அந்தத் தொகையத் தேடுங்க. 3,700 செலவுப் பக்கம் போறதுக்குப் பதிலா வரவுப் பக்கம் போயிருந்தா வித்தியாசம் 7,400 காட்டும்."

பத்து நிமிசத்தில் பிழை அகப்பட்டது. அவ சொல்லித்தர எடுத்தது ஒரு நிமிசமும் இல்லை. நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. அவவுக்கு இதைச் சொன்னது அவவுக்கு முன்னால் அந்த ஒஃபிஸில் இருந்த ஒரு சேர். அந்த சேருக்கு யார் சொன்னதோ.

எங்கள் தொழிலில் இப்படி நடக்கிற படிப்புத்தான் கூட. பட்டயக் கணக்காளராக வரவேண்டுமென்றால் பரீட்சைகள் மட்டும் காணாது, மூன்று வருடம் ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். 1959இல் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் தொடங்கியதற்கு முன்னாலிருந்தே இந்தத் தொழில் ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து பழகி வந்த தொழில். வெள்ளவத்தையில் போர்டிங் எடுத்து 100, 101 பஸ்களில் தொங்கிக்கொண்டு கொள்ளுப்பிட்டியில் இறங்குகிற யாழ்ப்பாண, மட்டக்களப்பு, மலையகப் பெடியன் பெட்டையளில் ஒரு பகுதி இதற்குத்தான் வருகுது. பயிற்சிப் பதிவில் கையெழுத்து விழும், மேற்பார்வை செய்கிறவர் என்று ஒருவரின் பெயரும் இருக்கும். ஆனால் உண்மையில் சொல்லித்தந்தது யார் என்பது அந்தப் பதிவில் எங்கேயும் வராது.

இனி எச்ஆர் ஆட்களின் பக்கம் கொஞ்சம் பார்ப்பம். வருசத்துக்கு ஒருக்கா ஒரு ஹோட்டலில் 'ட்ரெய்னிங்' வைப்பார்கள். ஏசி, புரொஜெக்டர், மத்தியானம் பஃபே, கடைசியில் சேட்டிபிகேட். அங்கே கட்டாயம் ஒரு ஸ்லைட் வரும்: 70, 20, 10. அதாவது ஒருவர் கற்கிறதில் 70 வீதம் வேலையைச் செய்வதால், 20 வீதம் மற்ற ஆட்களிடமிருந்து, 10 வீதம் மட்டும் வகுப்பால். இந்த எண்கள் 1980களில் அமெரிக்காவில், வெற்றி பெற்ற மேலாளர்களிடம் 'நீங்கள் எப்படிக் கற்றீர்கள்' என்று கேட்டு எடுத்த பதில்களிலிருந்து வந்தவை. ஆட்கள் தங்கள் ஞாபகத்திலிருந்து சொன்னதை முழு எண்ணாக்கினால் வருகிற கணக்கு அது. ஒரு ஓடிட்காரன் அதில் கையெழுத்து வைக்கமாட்டான். சரி, விடுங்கோ, பொதுவாக உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்தப் பத்து வீதத்துக்குத்தானே ஹோட்டல் வாடகை, பஃபே, வளவாளருக்குக் கட்டணம் எல்லாம் போகுது? மிச்சத் தொண்ணூறுக்கு ஒதுக்கிய காசு எவ்வளவு? கேட்டுப் பாருங்கோ. "அது தானா நடக்கும் மல்லி" என்று சொல்லுவினம்.

தானாக நடக்காது. நான் சொல்ல வாறது இதுதான்: சொல்லித்தருகிற ஆளின் நேரம் செலவாகிறது, அந்தச் செலவை எந்த நிறுவனமும் தன் கணக்கில் எழுதுவதில்லை. எழுதாத செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள், வெட்டினதும் ஒருவருக்கும் தெரியாது.

ஓடிட் ஒஃபிஸில் இது வெளிச்சமாகத் தெரியும், ஏனென்றால் எங்களுக்கு டைம்ஷீட் என்று ஒன்று இருக்கு. எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணித்தியாலம் என்று ஒவ்வொரு நாளும் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கோட் நம்பர். லீவுக்கு ஒரு கோட். ஹோட்டல் ட்ரெய்னிங்குக்கும் ஒரு கோட். பக்கத்தில் இருக்கிற ஜூனியருக்கு 5,400 ரூபாவை எப்படித் தேடுவதென்று சொல்லிக்கொடுத்த நேரத்துக்குக் கோட் இல்லை. அப்படியென்றால் அந்த அக்கா எனக்குச் சொல்லித்தந்த நேரமெல்லாம் எங்கேயிருந்து வந்தது? தன் வேலை நேரத்திலிருந்து களவெடுத்துத் தந்திருக்கிறா, அல்லது ஆறு மணிக்குப் பிறகு இருந்து அந்த வேலையை முடித்திருக்கிறா. எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

இதே விசயத்தைப் பற்றி எனக்குப் பிடித்த கதை ஒன்று ஓடிட் உலகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் 1980களில் ஸெரொக்ஸ் கம்பனியின் ஃபொட்டோகொப்பி மெஷின் திருத்துகிறவர்களோடு சுற்றினார். ஆதிவாசிக் கிராமத்தில் போய் இருக்கிறதுபோல அவர்களுடைய காலைச் சாப்பாட்டு மேசையில் போய் இருந்தார். 1996இல் அது புத்தகமாக வந்தது. கம்பனி இந்தத் திருத்துநர்களுக்குக் கனமான கைந்நூல்கள் கொடுத்திருந்தது: இந்தப் பிழை வந்தால் இந்தப் படி, பிறகு இந்தப் படி. ஆனால் மெஷின்கள் கைந்நூலை வாசித்துவிட்டுப் பழுதாகிறதில்லையே. கைந்நூல் கைவிட்ட இடத்தில் இவர்கள் செய்ததெல்லாம் கதைப்பதுதான். "நான் போன மாசம் இன்ன ஒஃபிஸில் ஒரு மெஷின் பார்த்தேன்..." என்று ஒருவர் தொடங்க, மற்றவர் அதோடு இன்னொன்றைச் சேர்க்க, பிழை எங்கே என்று பிடிபடும். மேலிருந்து பார்க்கிற மேலாளருக்கு அது வேலை நேரத்தில் அலட்டுகிற நாலு பேர். ஸெரொக்ஸுக்குப் பாராட்டுச் சொல்ல வேண்டும், பிறகாவது விளங்கிக்கொண்டது. திருத்துநர்கள் தாங்களே கண்டுபிடித்ததை எழுதி, மற்றத் திருத்துநர்கள் சரிபார்த்து, எழுதியவரின் பெயரோடு எல்லாருக்கும் போகிறமாதிரி 'யுரேக்கா' என்ற ஒரு குறிப்புத் தொகுப்பை உருவாக்கினார்கள். பெயர் போட்டது முக்கியம். எங்கள் அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை என்று மேலே சொன்னேனே.

ஒஃபிஸிலிருந்து நடக்கிற தூரத்தில் லிபர்ட்டி பிளாசா. கொள்ளுப்பிட்டியில் வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியாமல் இராது. போன் உடைந்தால் அங்கேதான் போவோம். ஒரு முறை என்னுடைய போனின் டிஸ்பிளே போய், மாற்றும் வரைக்கும் ஒரு கடையின் முன்னால் ஸ்டூலில் இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. கையில் போன் இல்லாததால் வேறு வழியில்லாமல் வேலை நடக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பேர். மூத்தவர் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ஒரு போர்டை வைத்து ஈயம் வைக்கிறார். நடுவில் இருக்கிறவர் டிஸ்பிளே, பட்டரி மாற்றுகிறார். கடைசிப் பெடியனுக்குப் பதினேழு பதினெட்டு வயது இருக்கலாம். அவனுடைய வேலை கழற்றின ஸ்க்ரூக்களைப் போனில் இருந்த அதே ஒழுங்கில் காந்த மட்டையில் அடுக்குகிறது, பழைய பசையைச் சுரண்டுகிறது, தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறது. எனக்கு முதலில் எடுபிடி வேலை என்றுதான் பட்டது. பிறகு நடுவிலிருந்தவர் அவனுக்குச் சொன்னது காதில் விழுந்தது. நீளமான ஸ்க்ரூவை மாறிக் கட்டையான துளையில் இறுக்கினால் அது அடியிலிருக்கிற போர்டைத் துளைத்துவிடும், போன் சரி. ஸ்க்ரூ அடுக்குகிற மூன்று மாதத்தில் அந்தப் பெடியனுக்குப் போனின் உட்புறம் முழுக்க மனப்பாடமாகியிருக்கும். பிழைவிட்டால் நட்டம் குறைந்த வேலை முதலில், நட்டம் கூடிய வேலை கடைசியில். மைக்ரோஸ்கோப்புக் கதிரைக்கு அவன் ஆறுதலாகத்தான் போவான்.

பிறகு தேடி வாசித்தபோது, இதே ஒழுங்கை ஜீன் லேவ் என்பவர் 1970களில் லைபீரியாவில் மொன்ரோவியாவின் தையற்காரர்களிடம் பார்த்து எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. பழக வருகிறவன் முதலில் பொத்தான் தைப்பான், விளிம்பு மடிப்பான். அதாவது உடுப்பு முடிகிற இடத்திலிருந்து தொடங்குவான். பிறகு தைப்பு. துணி வெட்டுகிறது எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் பிழையாக வெட்டின துணி போனது போனதுதான். ஒருவரும் உட்கார வைத்துப் பாடம் எடுப்பதில்லை. ஆனால் யார் எங்கே இருக்கிறது, எதைத் தொடலாம், யாருடைய கை கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதையெல்லாம் யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். லிபர்ட்டி பிளாசாவில் அந்த மூன்று ஸ்டூலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது இடப் பற்றாக்குறையாலும் இருக்கலாம். பலன் ஒன்றுதான்.

இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "பழகுற பிள்ளைதானே" என்று சொல்லிச் சம்பளமே கொடுக்காமல், தேத்தண்ணியும் மத்தியானச் சோறும் மட்டும் கொடுத்து வருசக்கணக்காக வேலை வாங்குகிற கடைகள் இந்த நகரத்தில் இருக்கு. ஸ்க்ரூ அடுக்குகிற கதிரையிலேயே ஐந்து வருசம் வைத்திருந்தால் அதற்குப் பெயர் பழக்குகிறதில்லை. உடைத்த டிஸ்பிளேயின் விலையைச் சம்பளத்தில் கழிக்கிற இடத்தில் ஒருவனும் புதிதாக ஒன்றைத் தொடமாட்டான். தெரியாததைக் கேட்கவும் மாட்டான், ஒளிப்பான். நம்முடைய ஒஃபிஸ்களில் டிஸ்பிளேக்குப் பதிலாக வருசக் கடைசி மதிப்பீடு இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அக்காவுக்கு வருவம்.

2022. அந்த வருசம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போனவர்கள் மட்டும் 3 லட்சத்துக்கும் மேலே. படிக்க என்று போனவர்கள், நிரந்தர வதிவிடம் எடுத்துக் குடும்பத்தோடு போனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். எங்கள் தளத்தில் மாசத்துக்கு ஒரு கேக் வெட்டினோம், எல்லாம் பிரியாவிடைக் கேக். அக்கா ஓகஸ்ட்டில் அவுஸ்திரேலியாவுக்குப் போனா. போகமுன் ஒரு 'ஹேண்ட்ஓவர்' ஃபைல் தந்தா, நாற்பது பக்கம், நல்ல ஒழுங்கு. எந்த ஃபோல்டரில் எது, எந்த வாடிக்கையாளரின் எந்த மனுசரோடு கதைக்கலாம், எல்லாம் இருந்தது. ஆனால் நான் பிறகு தேடின விசயங்கள் ஒன்றும் அதில் இல்லை. அவவுக்கே தான் அதைத் தெரிந்து வைத்திருக்கிறது தெரியாமல் இருந்திருக்கும். ஒரு கணக்கைப் பார்த்தவுடன் "இதுல ஏதோ சரியில்ல" என்று அவவுக்கு எப்படித் தெரிகிறது? அதை எந்தப் பக்கத்தில் எழுதுவா?

அந்த நேரம் பெற்றோல் இல்லை, பாதி நாள் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை. அதற்கு முதல் இரண்டு வருசம் கொரோனா. அப்போது சேர்ந்த ஜூனியர்களை யோசித்துப் பாருங்கோ. ஸூமில் ஒருவரின் கையைப் பார்க்க முடியாது. வட்ஸ்அப்பில் கேட்கலாம், ஆனால் கேட்கிறதுக்கு முதல் என்ன கேட்கிறதென்று தெரிந்திருக்க வேணுமே. என்னிடம் அக்கா கேட்டா, நான் அவவிடம் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டா. கமரா மூடின ஸூமில் அது நடக்காது.

போனவர்களின் இடத்துக்கு ஆட்களை எடுத்தார்கள், ஆனால் ஜூனியர்களாக எடுத்தார்கள், அது மலிவு. மிஞ்சின சீனியர்கள் மூன்று பேரின் வேலையைச் செய்தார்கள். சொல்லித்தர நேரம் எங்கே? பிறகு அதே நிறுவனங்கள் "இப்பத்தைய பிள்ளையளுக்கு ஒன்றும் தெரியாது" என்று குறைப்பட்டன. வேலைக்கு ஆள் தேவை விளம்பரங்களைப் பாருங்கோ, ஆரம்ப நிலை வேலைக்கே இரண்டு வருச அனுபவம் கேட்கினம். அந்த இரண்டு வருசத்தை வேறு யாரோ தங்கள் செலவில் தரவேண்டும் என்பதுதான் எல்லாருடைய திட்டமும்.

எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. இதைப் பற்றி ஹோட்டல் ட்ரெய்னிங்கில் ஒருவரும் கதைக்கமாட்டார்கள்.

இந்த மாதிரிப் படிப்பு நட்பு வழியாகத்தான் வரும். நட்பு மத்தியானச் சாப்பாட்டு மேசையில் வரும். எங்கள் ஒஃபிஸ் மேசையில் பகிடி எல்லாம் சிங்களத்தில். வேலைப் பேச்சு இங்கிலீஷில் நடக்கும், அது எப்படியும் சமாளிக்கலாம், மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்து விளங்கலாம். ஆனால் "அந்த வாடிக்கையாளரிட்ட போனால் ஸ்டொக் அறையை மத்தியானத்துக்கு முதல் எண்ணிப்போடு, பிறகு அவங்கள் பூட்டிப்போடுவாங்கள்" என்ற மாதிரித் தகவல் மின்னஞ்சலில் வராது. அது சோற்றுப் பார்சலை விரித்துக்கொண்டு, பகிடிக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் சிங்களத்தில் வரும். முதல் ஒரு வருசம் நான் தமிழ் ஆட்களின் மேசையிலேயே இருந்தேன். ஒருவரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை, கூப்பிட்டார்கள்கூட. கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கத் தெரியாமல் இருக்கிறது களைப்பான வேலை, அதனால் நான்தான் போகவில்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சாப்பாட்டு மேசைக்கு அப்படி ஒரு திருத்தமும் வராது.

பெண்பிள்ளைகளுக்கு வேறு விதம். ஓடிட் சீசனில் முக்கியமான கதை எல்லாம் இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் நடக்கும், பீட்சா வந்த பிறகு. வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்பது மணிக்குக் கேற் பூட்டுவார்கள். சிகரெட் மூலையில் மனேஜரோடு நின்று ஐந்து நிமிசம் கதைக்கிற பெடியனுக்கு அடுத்த வாரம் எந்த வேலை வருகுது என்று முதலே தெரியும். அந்தப் பிள்ளைக்குத் திங்கட்கிழமைதான் தெரியும். 'தானா நடக்கும்' என்று விட்டால் யாருக்குத் தானா நடக்குது, யாருக்கு நடக்கல்லை என்று பார்க்க வேண்டும்.

அதற்காக இதையும் ஒரு திட்டமாக்கி, ஃபோர்ம் அடித்து, ஆளுக்கொரு 'மென்டர்' நியமித்து, மாசம் ஒரு கையெழுத்து என்று கொண்டுவந்தால் தீரும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி ஒன்று நண்பன் ஒருவனின் ஒஃபிஸில் வந்தது. மென்டரும் இவனும் மாசக் கடைசியில் லிஃப்டில் சந்தித்துக் கையெழுத்து வைத்தார்கள். அக்காவை யாராவது எனக்கு மென்டராக நியமித்திருந்தால் அவ அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாவோ தெரியாது.

நான் கேட்கிறது சின்ன விசயம். டைம்ஷீட்டில் ஒரு கோட். சொல்லிக்கொடுத்த நேரம் என்று எழுத ஒரு வரி. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஒருவர் அதில் எழுதினால் "ஏன் உன்னுடைய வாடிக்கையாளர் நேரம் குறைஞ்சிருக்கு" என்று ஒருவரும் கேட்கக்கூடாது. சீனியருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறபோது அவருக்குக் கீழே இருந்த ஜூனியர்களால் இப்போது தனியே என்ன செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும். வெளிவேலைக்கு அனுப்புகிற குழுவில் மூன்றாவது ஆளாக ஒரு புதியவரை, வேலைக்குத் தேவையில்லாவிட்டாலும், பார்க்கிறதுக்கென்று அனுப்ப வேண்டும். காசு செலவாகும். ஹோட்டல் பஃபேயில் ஒரு வருசத்தை வெட்டினால் பெரும்பாலும் சரிவரும்.

கொடுக்கிற பக்கத்தைச் சொன்னேன். எடுத்ததற்குச் சாட்சி என்று ஒரு பக்கமும் இருக்கு. லிபர்ட்டி பிளாசாப் பெடியன் மைக்ரோஸ்கோப் வரைக்கும் போனாலும் அவன் கையில் ஒரு காகிதமும் இராது. அதற்கு ஒரு வழி இந்த நாட்டில் இருக்கிறது எங்களில் கன பேருக்குத் தெரியாது. நைட்டா என்று சொல்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, எந்த வகுப்புக்கும் போகாமல் வேலையில் பழகியவர்களை, செய்து காட்டச் சொல்லிப் பார்த்து, என்விகியூ எனப்படும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்குகிறது. ஏழு மட்டங்கள் கொண்ட அதே சட்டகம்தான், கல்லூரியில் படித்தவர்களுக்குக் கொடுப்பதும் அதே சான்றிதழ்தான். ராஜகிரியவில் தலைமை அலுவலகம், மாவட்டங்களிலும் இருக்கு. வெளிநாடு போக நினைக்கிறவனுக்கும் உதவும், இங்கேயே சம்பளம் கேட்கிறவனுக்கும் உதவும். இதில் ஒரு இடறல், வேலை செய்த அனுபவத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். சில முதலாளிமார் ஒரு கடிதம் எழுதித் தரவே தயங்குவார்கள், காகிதம் கிடைத்தால் பெடியன் போய்விடுவான் என்ற பயம். போகத்தான் செய்வான். அந்த முதலாளியும் ஒரு காலத்தில் வேறு ஒருவரின் கடையிலிருந்து பழகிவிட்டு வெளிக்கிட்டவராகத்தான் இருப்பார்.

இப்போது அக்காவின் கதிரையில் நான் இருக்கிறேன். பக்கத்தில் ஹட்டனிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. நான் "கெதியா முடியுங்கோ" என்றால் முதல் கிழமை அவவுக்கு விளங்கவில்லை, அவ "அண்ணே, இது எப்படிங்க?" என்று கேட்டால் எனக்குத் தமிழ்ப்படத்தில் இருக்கிறமாதிரி இருக்கும். போன கிழமை ஒரு நாள் மட்டும் அவ என்னிடம் மூன்று தரம் வந்தா. மூன்று தரமும் "பிறகு சொல்றன்" என்றேன். வெள்ளிக்கிழமை டெட்லைன். பின்னேரம் பார்த்தால் அவ கேட்கிறதை விட்டுவிட்டு வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறா. எவ்வளவு இடிக்குது என்று கேட்டேன். 1,260. ஒன்பதால் பிரித்துப் பார்க்கச் சொன்னேன்.

அன்றைக்கு டைம்ஷீட்டில் அந்த நாற்பது நிமிசத்தை ஒரு வாடிக்கையாளரின் தலையிலும் கட்டாமல், கோட் இல்லாத வரியில், 'ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்தது' என்று எழுதினேன். சிஸ்டம் அதை ஏற்கவில்லை, சிவப்பில் காட்டியது. மனேஜருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். திங்கட்கிழமை காலையில் வந்து சந்திக்கச் சொல்லிப் பதில் வந்திருக்கு.